யெஸ்டியை விற்றேன், ஊசியை வைத்துக்கொண்டேன்

2019 பிப்ரவரியில் அப்பாவின் யெஸ்டி ரோட்கிங்கை விற்றேன். ஒன்பதாம் நாள் அது பாப்பாநாடு சாலையோரம் ஒரு மைல்கல்லில் சாய்ந்து கிடந்தது. ஹெட்லைட் இல்லை, டேங்கில் உள்ளங்கை அளவு நசுங்கல், இடது சைலன்சர் வளைந்து போயிருந்தது. வாங்கின தம்பிக்கு முழங்கையில் கட்டு. என்னைப் பார்த்ததும், "அண்ணே, நான் வேகமாகூட போகலண்ணே, பின்சக்கரம் தானா பூட்டிக்கிச்சு"ன்னு சொன்னார். பொய் சொல்லவில்லை. வண்டியை உதைத்துப் பார்த்தேன். கிக்கர் இறங்கவே இல்லை. இன்ஜின் ஜாம்.

ரொம்ப நாள் இதை ஒரு விபத்தாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யெஸ்டியைப் பற்றிக் குறிப்புகள் சேர்க்க ஆரம்பித்ததும், அந்தச் சாலையில் நடந்ததற்குப் பின்னால் முப்பது நாற்பது வருடக் கதை ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரத்தநாட்டுக்கு யெஸ்டி வந்த வழி

ஒரத்தநாட்டுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தால் பெயர் பெற்ற ஊர். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம், பிற்காலத்தில் எங்களுக்கு பஸ். பஸ் போகாத ஊருக்கு சைக்கிள். அப்பா கால்நடை ஆய்வாளர், ஊர்க்காரர்களுக்கு 'மாட்டு டாக்டர்'. திருவோணம், பாப்பாநாடு, உளூர் என்று சுற்ற வேண்டிய வேலை. சினைக்கு நிற்கும் மாடு பஸ் வரும்வரை காத்திருக்காது. 1984-ல் கடன் வாங்கி ஒரு யெஸ்டி எடுத்தார்.

அந்த வண்டியின் பூர்வீகம் பிராக். 1929-ல் ஃப்ரான்டிசெக் யானெசெக் என்ற ஆயுதத் தொழிலதிபர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் ஒட்டி 'ஜாவா' என்று பெயர் வைத்தார். 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நடத்தியவர்கள் இரானி குடும்பத்தார். எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது, 1978-ல் ரோட்கிங் வந்தது. மைசூர்ப் பக்கமிருந்து எங்களுக்குக் காவிரித் தண்ணீர் வரும், வண்டியும் வந்தது. தண்ணீருக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே கம்பி: உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், மடக்கிவிட்டால் கியர். முதல் தடவை பார்ப்பவர்கள் கிக்கர் எங்கே என்று வலப்பக்கம் தேடுவார்கள், அப்பா சிரிப்பார். சத்தத்தை வைத்தே, "டாக்டர் வண்டி வருது, மாட்டைக் கட்டு"ன்னு களத்திலிருந்து குரல் வரும்.

ரெண்டு ஊசி கணக்கு

யெஸ்டி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. இன்றைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இப்போதைய நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் ஆயில் அடியில் தனியாகக் கிடக்கும். அங்கிருந்து மேலே போய்த் தடவிவிட்டுத் திரும்பி வரும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கிற அறைக்குள் புகுந்து, அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே போகும். அதனால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிட வேண்டும். அந்தக் கலவைதான் எரிபொருள், அதுவேதான் மசகு. வால்வு கிடையாது, பாகங்கள் குறைவு, விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயிலை மறக்கக் கூடாது. ஆயிலும் சேர்ந்து எரிவதால் பின்னால் நீலப் புகை வரும்.

அப்பாவின் அளவு லிட்டருக்கு 40 மில்லி. மாட்டுக்கு ஊசி போடும் 20 மில்லி கண்ணாடிச் சிரிஞ்ச் ஒன்றை, ஊசியைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே வைத்திருந்தார். லிட்டருக்கு ரெண்டு ஊசி. முதலில் ஆயிலை விட்டு அதன் மேல் பெட்ரோல் அடிக்கச் சொல்லுவார், அப்போதுதான் நன்றாகக் கலக்குமாம். பிறகு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டுவார். பெட்ரோல் பங்கில் அந்தக் காலத்தில் ஆயிலுக்கென்று கைப்பம்பு உண்டு. இருந்தாலும் அவர் அளவு அவருக்கு.

மறக்கச் சொன்ன காலம்

1990-களின் பாதி வரை நம் சாலைகளில் ஓடிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக்தான். போலந்து மாடலை வைத்துச் செய்த ராஜ்தூத், ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50, பஜாஜ் ஸ்கூட்டர் எல்லாமே. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ம் இரண்டு ஸ்ட்ரோக்தான், ஆனால் அதில் ஆயிலுக்குத் தனி டேங்க் இருந்தது. பம்பு தானே அளந்து அனுப்பிவிடும். கலக்கும் வேலை கையைவிட்டு அப்போதே போக ஆரம்பித்துவிட்டது.

அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரம். மைலேஜைச் சொன்ன விளம்பரமாகத்தான் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். 'மறந்துவிடு' என்ற சொல்லை நான் இப்போதுதான் கவனிக்கிறேன். நாம் மறந்தும்விட்டோம்.

அடுத்து புகைக் கட்டுப்பாடு. 1991-ல் தொடங்கி 1996, 2000 என்று விதிகள் இறுகின. டெல்லியில் 1998 முடிவில் பங்குகளில் சில்லறையாக ஆயில் விற்பதையே நிறுத்தினார்கள். அளவு தெரியாமல் அதிகமாகக் கலந்து புகை கிளப்புகிறார்கள் என்பது காரணம். காரணம் நியாயமானதுதான், நகரத்துக்காரர்கள் மூச்சு விட வேண்டுமே. 1996-ல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஆயில் கலக்கும் பழக்கத்தைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருந்தது டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்தான். 2015-ல் அதுவும் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 ஆனது.

ஒரு தலைமுறைக்குக் கைப்பழக்கமாக இருந்த ஒரு காரியம் அடுத்த தலைமுறைக்குப் பேச்சில்கூட வரவில்லை. யாரும் ஒளித்து வைக்கவில்லை, சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஒரு நாள் இடைவெளி

2018 நவம்பர் 15-ம் தேதி ஜாவா மறுபடி பிறந்தது. மும்பையில் புது ஜாவாக்களை அறிமுகம் செய்தார்கள். பழைய உருவம், இரண்டு சைலன்சர். உள்ளே 293 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். அன்று இரவு விடிவதற்குள், 16-ம் தேதி அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் விடியும்போது படுத்துக் கிடந்தன.

இந்த இரண்டு செய்திக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கள் யெஸ்டியின் தலையெழுத்தை அந்த இரண்டும் சேர்ந்துதான் எழுதின.

எங்கள் தோப்பில் நின்றது ஏறக்குறைய 90 மரம், விழுந்தது 71. அரசு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மரம் அறுக்க ஆளும் இயந்திரமும் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. அகற்றி, குழி வெட்டி, கன்று வைத்து, அது காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம். அதுவரை வீடு ஓட வேண்டும். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வண்டியை என் பெயருக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் முதலில் சொன்னார்: "வண்டிய குடுத்துடுப்பா. அது கொல்லையில நிக்கிறதுக்கு நாலு கன்னு நிக்கட்டும்."

வாங்க வந்த தம்பிக்கு இருபத்துநாலு வயசு. புது ஜாவா வீடியோக்கள் பார்த்து ஆசை. முன்பதிவு செய்தவர்களே மாதக்கணக்கில் காத்திருந்த நேரம், விலையும் அவருக்கு எட்டவில்லை. பழசு கிடைத்தால் போதும் என்று தேடி வந்தார். 42,000 ரூபாய். பேரம் பேசவே இல்லை. அதுவே எனக்கு நிம்மதி, ஆசைப்பட்டு வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்று.

கிக்கர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். ரிசர்வ், சோக், லைட் ஸ்விட்ச் எல்லாம் சொன்னேன். மேடு ஏறும்போது எந்த கியர், மழையில் நனைந்தால் பிளக்கை எப்படித் துடைப்பது, அதுவும் சொன்னேன். ஆயில் கலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதுவும் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சோறு தின்ன வாய் திறக்கணும் என்று யாராவது சொல்லுவார்களா?

அவர் மேல் தப்பு இல்லை

நடந்ததைப் பிறகு வரிசையாகக் கேட்டேன். டேங்கில் நான் கலந்து வைத்திருந்த பெட்ரோல் மூன்று லிட்டர் இருந்தது. அதன் மேல் அவர் ஐந்து லிட்டர் வெறும் பெட்ரோல் போட்டார். ஆயில் நீர்த்தது, ஆனாலும் ஓடியது. புகை குறைந்தது. "வண்டி நல்லா கிளியர் ஆயிடுச்சு"ன்னு நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போக ஆரம்பித்தது அவர் கண்ணுக்குச் சீராவது போலத் தெரிந்திருக்கிறது.

இதைவிட ஒன்று. வாங்கிய மறுநாளே ஒரு மெக்கானிக்கிடம் விட்டு "ஆயில் மாத்தினேண்ணே" என்றார். பில் காட்டினார். யெஸ்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு. அதை மாற்றியிருக்கிறார்கள். மெக்கானிக்கும் சின்ன வயசுதான், நான்கு ஸ்ட்ரோக்கில் வளர்ந்த கை. இரண்டு பேரும் அதையே இன்ஜின் ஆயில் என்று நினைத்துவிட்டார்கள்.

"மொபெட்டுக்குத்தாண்ணே கலப்பாங்க. பெரிய வண்டிக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பார்த்த உலகத்தில் ஆயில் கலந்தது தாத்தாவின் எக்ஸ்எல்லுக்கு மட்டும்தான்.

இரண்டாம் தடவை டேங்கை நிரப்பியபோது அது முழுக்க வெறும் பெட்ரோல். மசகு இல்லாமல் பிஸ்டன் சூடேறி உப்பி சிலிண்டரைக் கவ்வியது. சக்கரம் பூட்டியது. எதிரே லாரி எதுவும் வராதது அவர் நல்ல நேரம்.

எனக்கும் அது நல்ல நேரம்தான். ஆர்.சி. புத்தகம் அன்றைக்கும் என் பெயரில்தான் இருந்தது. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. இன்னும் ஐந்து நாள் இருக்கே என்று இருந்துவிட்டேன். புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதெல்லாம் பிறகுதான் படித்தேன். வண்டி விற்கிறவர்கள் படிவம் 29-யும் 30-யும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். அந்தப் படிவங்களில் சேசிஸ் எண்ணுக்கு இடம் உண்டு, இன்ஜின் எண்ணுக்கும் உண்டு. அந்த இன்ஜினுக்கு என்ன ஊற்ற வேண்டும் என்று எழுத இடம் இல்லை.

கயிறு

அப்பா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. மாடு விற்கிற இடங்களில் நின்றே பாதி ஆயுள் கழிந்தவர். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிற்றோடு லட்சுமி போய்விடுவாள் என்று நம்பிக்கை. ஆனால் மாட்டின் குணத்தை முழுக்கச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்து கறக்கணும், எந்தக் காம்பில் பால் மெதுவாக இறங்கும், புண்ணாக்கை எப்படி ஊறவைத்தால் குடிக்கும், கன்றைக் கண்ணில் காட்டணுமா வேண்டாமா, எல்லாம். சொல்லாமல் அனுப்பினால் மாடு காய்ந்துபோகும், பேரும் கெட்டுப்போகும்.

நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். வண்டியைக் கொடுத்த அன்று பக்கப் பெட்டியிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடிச் சிரிஞ்ச். அப்பா ஞாபகமாக இருக்கட்டுமே என்று. அது பெட்டியிலேயே இருந்திருந்தால், "இது என்னண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நானும் சொல்லியிருப்பேன்.

சிலிண்டரைத் தஞ்சாவூரில் லேத்தில் கொடுத்து போர் அடித்து, அளவு கூடின பிஸ்டன் போட்டோம். பிஸ்டனும் ஹெட்லைட்டும் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. செலவில் பாதி நான் தருகிறேன் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. டேங்க் நசுங்கலை அப்படியே விட்டுவிட்டார்.

வண்டியை எடுத்த அன்று பங்கு வரைக்கும் கூடப் போனேன். முதலில் ஆயில், பிறகு பெட்ரோல். லிட்டருக்கு ரெண்டு ஊசி, நாலு லிட்டருக்கு எட்டு. அவரே சிரிஞ்சில் இழுத்து விட்டார், நான் எண்ணினேன். பிறகு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டச் சொன்னேன். முதல் உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. பின்னால் நீலப் புகை. அவர் திரும்பி, "இது சரியாண்ணே?" என்றார். சரிதான் என்றேன்.

சிரிஞ்ச் இப்போது அவரிடம் இருக்கிறது.