வைத்தியரின் முதல்

“அவர் வைத்தியம் செய்யவில்லை; வியாபாரம் செய்கிறார்” என்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கேட்கும் குறை. தனியார் தொழில் நடத்தும் வைத்தியரோ வாடகை, தாதியின் சம்பளம், மருந்து விலை ஆகியவற்றைக் கூட்டிக் காட்டி, வியாபாரப் புத்தியில்லாதவன் கதவை மூடவேண்டியதுதான் என்பார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. கடனாளியான வைத்தியனால் நோயாளிக்கு நன்மை விளைதல் அரிது. ஆதலின் வைத்தியர் கணக்குப் பார்க்கலாமா என்பதன்று கேள்வி. அக்கணக்கில் எவை எழுதப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பதே கேள்வி.

பழைய பரியாரிமார் காசைத் தொடாத துறவிகள் என எழுதுவோர் உளர். அது பழமையின்மேற் கொண்ட காதலேயன்றி வரலாறன்று. பரியாரியார்க்கு வயலோ மாடோ இருந்தது. வைத்தியம் அவரது ஒரே சீவனோபாயமன்று. வேண்டிய சரக்குகளை அவர் சொல்ல, நோயாளியின் வீட்டார் கடையில் வாங்கி வருவர். மருந்தின் விலையில் அவருக்கு இலாபமில்லை. வெற்றிலையோடு வைத்த காசு, அறுவடைக் காலத்து நெல், இவையே வரும்படி. போடியார் வீட்டில் இம்முறை தடையின்றி நடந்திருக்கும். களவெட்டியில் தனக்கென நெல் மிஞ்சாத கூலிக்காரன் எதைக் கொடுப்பான்? காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டிருப்பதே அவன் செலுத்திய கட்டணம். இன்னுமொன்று: பரியாரியாரின் உண்மையான முதல் அவரது ஏடு. அம்முதலைத் தகப்பன் மகனுக்கே கொடுத்தான். வெளியார்க்கு அது பூட்டிய பெட்டி.

அப்பூட்டை வேறொரு வழியால் திறக்க முயன்ற மனிதரைக் காண நாம் வாவிக்கரையை விட்டு யாழ்ப்பாணம் செல்லவேண்டும். அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் மிஷன் வைத்தியராக வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் வைத்தியத் தொழிலின் பொருளாதாரத்தை அவரளவு கூர்ந்து நோக்கியோர் அந்நாளில் இங்கு மிகச் சிலரே. அவர் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போயினர். படித்தவன் பிழைக்க வழி தேடியதைக் கிறீன் பழிக்கவில்லை. படிப்பின் மொழியே அவனுக்கு எந்தச் சந்தையைத் திறந்துவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டார். 1860-களில் பாடமொழியைத் தமிழாக்கினார். வேட்டியுடுத்து, ஊருக்குள் வாழ்ந்து, ஊரார் கொடுக்கக்கூடிய வரும்படியிற் சீவிக்கும் வைத்தியரை உருவாக்குவதே அவர் எண்ணம். அதற்காக இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என அடுக்கடுக்காக நூல்கள் தமிழில் அச்சேறின. 1873-இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினர். ஏட்டுக்குள் அடங்கிக் கிடந்த வைத்தியக் கல்வி அச்சுப் புத்தகமாகிப் பொதுச் சொத்தாகும் காலம் வந்தது என்றே எவரும் நினைத்திருப்பர்.

ஆனால் 1870-இலேயே கொழும்பில் ஆங்கில மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. உத்தியோகமும் மதிப்பும் அதன் பக்கம் சாய்ந்தன. கிறீனின் வழி அவரோடு தேய்ந்தது. நல்லெண்ணம் போதாமையால் அது தேயவில்லை. அதற்குப் பின்னால் அரசின் பலம் நிற்காமையால் தேய்ந்தது.

பின்வந்த தனியார் டிஸ்பென்சரிகளை நம்மிற் பலர் நேரிற் கண்டிருக்கிறோம். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன போத்தலில் கலவை மருந்து. பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இவ்வொற்றைக் கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. விலைகூடிய மருந்தைக் கொடுத்தால் நட்டம் வைத்தியருக்கே. மருந்துக்குத் தனிச்சிட்டையும், பரிசோதனைக்குத் தனிச்சிட்டையும் வந்தபின் அத்தடை நீங்கிற்று.

வியாபாரப் புத்தி என்றவுடன் தனியார் இலாபமே நினைவுக்கு வருவது நமது காலத்தின் குறை. பேராசிரியர் சேனக பிபிலே செய்ததும் வியாபாரமே. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த அறிக்கையின் வழி 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஒரே மருந்தைப் பல வர்த்தகப் பெயர்களில் வாங்குவதை விடுத்து, மருந்தின் மூலப்பெயரால் உலகெங்கும் விலை கேட்டு, மலிந்த இடத்தில் மொத்தமாக வாங்குவதே அதன் முறை. தேர்ந்த வணிகனும் இதைத்தான் செய்வான். இலாபம் போய்ச் சேர்ந்த இடமே வேறு. 1977-இற்குப் பின் இறக்குமதி மீண்டும் தனியார்க்குத் திறந்தது. பிபிலேயும் அவ்வாண்டே கயானாவில் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் தடுக்கப்பட்ட அரச வைத்தியர்களின் தனியார் தொழிலும் 1977-இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஒன்றையும் மறத்தலாகாது: 1951-இல் கட்டணம் நீக்கப்பட்ட அரச ஆஸ்பத்திரிகளில், 1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியதும் வந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. வெறும் 25 சதம்!

வியாபாரக் கணக்கேட்டில் எழுதப்படவேண்டியது முதல். நம் வைத்தியரின் முதல் எது? 1945-இன் இலவசக் கல்வி பாடசாலையில் அவரைச் சுமந்தது. மருத்துவபீடம் கட்டணமின்றிப் பயிற்றியது. அரச ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்த ஏழையின் உடலில் அவர் தொழில் பழகினார். இதற்கான பணம் பெருமளவும் சீனியிலும் மாவிலும் மண்ணெண்ணெயிலும் அறவிடப்பட்ட மறைமுக வரிப்பணம். ஆண்டுதோறும் மருத்துவபீடத்துக்குத் தெரிவான எமது மாணவர்க்குப் பாடசாலை மேடையில் மாலை சூட்டுகிறோம். அவர்களின் முதலீட்டாளரான வயற்காரன் மேடையருகே நிற்பதுமில்லை, அழைக்கப்படுவதுமில்லை. கூட்டுக்கு முதலிட்டவனுக்குப் பங்கு கொடாத வியாபாரத்தைக் கடைத்தெருவிலும் மோசடி என்பர். அவன் கேட்கும் பங்கு இலவச மருந்தன்று. மாலையில் தனியார் மனையிற் கிடைக்கும் அதே கவனம் காலையில் விடுதியிலும் வேண்டும். கட்டணம் கதவில் எழுதியிருக்கவேண்டும். மருந்துச் சிட்டையில் மூலப்பெயர் வேண்டும்.

படுவான்கரை நோயாளியின் கணக்கேட்டில் வேறு வரிகளும் உள. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் ‘பாதை’யேறியே வாவியைக் கடந்தனர். பாதைக் காசு, பஸ் காசு, துணைக்கு வந்தவரின் பயணம், இருவரும் இழந்த நாட்கூலி. இவ்வளவும் கொடுத்தபின்னரே வைத்தியரின் கட்டணம் தொடங்கியது. இன்று பாலத்தால் பாதைக் காசு ஒழிந்தது. மாலை வைத்தியத்துக்கு வந்தவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அக்கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.