அரை நொடியில் கசிந்த ரகசியம்

வாடிக்கையாளர் விவரங்களை இணையவழியே பேணித்தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற சேவையுடன் தம் நிரலை இணைக்க முற்படுவோர் பலர் முதலில் எதிர்கொள்வது ஒரு மறுப்பு வாசகத்தை. பயனர் பெயரோ, கடவுச்சொல்லோ, பாதுகாப்புக் குறியோ தவறு; அல்லது கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். நான்கில் எது என்பதை அது சொல்வதில்லை. இதை அலட்சியம் என்று ஏசுவோர் உண்டு. அலட்சியமன்று, திட்டமிட்ட மௌனம். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

கணினிக்குக் கடவுச்சொல் (‘கடவு’ என்றால் வழி, நம் சொல் அழகாகவே அமைந்துவிட்டது) தேவைப்பட்டது, ஒரே இயந்திரத்தைப் பலர் பகிரத் தொடங்கியபோது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். அத்தகைய பகிர்வு அமைப்பு. அதில் எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், அப்பட்டமாக இருந்தன. அறுபதுகளில் ஒருநாள் நிர்வாகி ஒருவர் அக்கோப்பையும், மற்றொருவர் அன்றாட அறிவிப்பையும் ஒரே வேளையில் திருத்த, இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தோருக்கெல்லாம் ஊரார் கடவுச்சொற்களே அறிவிப்பாகக் காட்சியளித்தன.

பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் யுனிக்ஸ் பற்றி 1979 நவம்பரில் வெளியிட்ட சிறு கட்டுரை இந்நிகழ்ச்சியையும் நினைவுகூர்கிறது. ஆனால் அதில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி வேறு. கடவுச்சொல்லை மறையாக்கம் செய்தே சேமிப்பது, அதுவும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது என அவர்கள் முடிவெடுத்தார்கள். திருடன் பல்லாயிரம் சொற்களை விரைந்து சோதிக்க இயலாது. இதில் ஓர் எதிர்பாராத கசிவு நேர்ந்தது. பெயர் உண்மையானதாக இருந்தால் மட்டும் இயந்திரம் மறையாக்கக் கணக்கில் இறங்கி, ஏறத்தாழ அரை நொடி தாமதித்து மறுத்தது. பொய்ப் பெயரென்றால் உடனே மறுத்தது. வாய் திறவாமலே, இப்பெயரில் ஆள் உண்டு என்று சொல்லிவிட்டது! பொய்ப் பெயருக்கும் அதே வீண் கணக்கைப் போடுமாறு நிரலைத் திருத்தினார்கள். எதற்காக மறுக்கிறோம் என்பதைக் காலத்தாலும் வெளிப்படுத்தக் கூடாது என்ற நெறி இங்கே தெளிவாக உருப்பெறுகிறது.

1999இல் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் அந்நெறியின் வாரிசு. அதன் விலையைக் கொடுப்பவன் நேர்மையான நிரலாளன். நம்பகமான முகவரிகளுக்கு வெளியிலிருந்து வரும் நிரல், கடவுச்சொல்லை அடுத்து இடைவெளியின்றிப் பாதுகாப்புக் குறியையும் ஒட்டி அனுப்ப வேண்டும். யாரோ கடவுச்சொல்லை மாற்றினால் பழைய குறி செத்து, புதியது மின்னஞ்சலில் வரும். நள்ளிரவில் தானே ஓடும் நிரலுக்கு அது எப்படித் தெரியும்? அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். இயல்பமைப்பில் பத்து முறை தவறினால் கணக்கு 15 நிமிடம் பூட்டப்படும். இப்போது பிழை இரண்டு, வாசகம் ஒன்றே. சோதனைக் கணக்கின் நுழைவாயில் முகவரி வேறு என்பதை மறந்தாலும் அதே வாசகம்தான்.

ஆனால் வாசலில் ஊமையாக நிற்கும் காவலன் உள்ளே குறிப்பேட்டில் எழுதிவைக்கிறான். நிர்வாகிக்குத் திறக்கும் நுழைவு வரலாற்றில், கடவுச்சொல் தவறா, குறி இல்லையா, கணக்குப் பூட்டா என்பது தனித்தனியே பதிவாகிறது. அங்கே ஒரு வரியும் இல்லையென்றால் அதுவும் தடயமே: பெயர் தவறு, அல்லது தட்டிய கதவு வேறு. நிரலை நூறு முறை மாற்றிப் பார்ப்பதற்கு முன், நிரலை நிறுத்திவிட்டு அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குவதே முறை.

2012இல் வகுக்கப்பட்ட ஓ-ஆத் 2.0 நெறிமுறை கடவுச்சொல்லைக் கையளிக்கும் தேவையைப் பெரிதும் குறைத்தது. மௌனத்தைக் குறைக்கவில்லை. ‘இன்வேலிட் கிராண்ட்’ என்ற அதன் ஒற்றை மறுப்பு, அனுமதி செல்லாதது, காலாவதியானது, திரும்பப் பெறப்பட்டது, திரும்பும் முகவரி பொருந்தாதது, வேறொரு நிரலுக்கு வழங்கப்பட்டது என ஐந்தையும் குறிக்கும். மோரிஸும் தாம்ப்சனும் மறைத்த அரை நொடிக்குக் காரணம் இருந்தது. தன்னை முன்பே பதிவுசெய்துகொண்டு வரும் நிரலிடம், உன் அனுமதி காலாவதியாகிவிட்டது என்று சொல்வதால் எந்தத் திருடனுக்கு என்ன லாபம் என்பது எனக்கு விளங்கவில்லை.