அச்சமும் சாட்சியின் நினைவும்

"அந்த முகத்தை எவ்வாறு மறப்பேன்?" எனக் கூண்டில் நின்று கூறும் சாட்சியை நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஐயுற்றதில்லை. அச்சம் நினைவை ஆழப் பதிக்கும் என்பதே பொது நம்பிக்கையாயிருந்தது.

இந்நம்பிக்கையை அசைத்த முயற்சிகளுள் பெரிதும் பேசப்பட்டது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் பல்கலைக்கழகத்துக் குற்றவியற் சட்டப் பேராசிரியர் பிரான்ஸ் வொன் லிஸ்ற்றின் வகுப்பில் நிகழ்ந்ததாகும். அவர் நூலொன்றைப் பற்றி விரித்துரைக்கையில், மாணவனொருவன் எழுந்து, கிறித்தவ அறநோக்கிலும் அதனை ஆராயவேண்டுமெனக் கூவினான். வேறொருவன் அதைத் தன்னாற் பொறுக்கவியலாதெனச் சீறினான். வசை முற்றியது. முதலாமவன் கைத்துப்பாக்கியை உருவினான். மற்றவன் அவன்மீது பாய்ந்தான். பேராசிரியர் இடைபுகுந்து கையைப் பற்றுகையில் வெடியோசை எழுந்தது. அனைத்தும் ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகமே. கண்ட மாணவர் சிலர் உடனேயும் சிலர் நாட்கள் கழித்தும் அதனை விவரித்தனர். விடுபட்டவை, புகுத்தப்பட்டவை, திரிபுற்றவை யாவும் பிழையெனக் கொள்ளப்பட்டபோது, மிகக் குறைந்த பிழை 26 சதவீதம்; மிகக் கூடியது 80 சதவீதம். வாய்திறவாது நின்றோரும் பேசியதாக எழுதப்பட்டனர். பூசல் முற்றிய பிற்பாதியில் பிழைகள் முற்பாதியினும் 15 சதவீதம் கூடுதலாயின என்பதே நம் கவனத்துக்குரியது.

ஹாவாட் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்ரபேர்க் 1908இல் வெளியிட்ட தமது நூலில் இச்சோதனையை எடுத்துரைத்தார். தம் வீட்டிற் களவு போனபோது தாமே சத்தியஞ்செய்து பிழைபடச் சாட்சியமளித்ததையும் அதில் மறைக்கவில்லை. வழக்கறிஞரை அவர் கடிந்தமைக்குச் சட்ட அறிஞர் விக்மோர் 1909இற் கற்பனை வழக்கொன்றை எழுதி விடையிறுத்தார். அதில் உளவியலாளரே தோற்றார். எள்ளல் கடுமையானதெனினும், உறுதியான ஆய்வுகள் எங்கே என்ற விக்மோரின் வினா அடாததன்று.

அவ்வாய்வுகள் மெல்லவே வந்தன. 1908இல் யேர்க்ஸ், டொட்சன் இருவரும் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, கடினமான பணியில் மிகுந்த அதிர்ச்சி கற்றலைக் கெடுப்பதைக் கண்டனர். (எலிக்குக் கண்டதைப் பின்வந்தோர் மனிதருக்கு அளவுமீறி நீட்டினர்.) கிளர்ச்சி மிகும்போது கவனம் ஒடுங்கும் என்று 1959இல் ஈஸ்ரபுறூக் விளக்கினார். 1987இல் லொப்ரஸ் குழுவினர் படக்காட்சிகளைக் காட்டிக் கண்ணசைவை அளந்தனர். காசாளரிடம் காசோலை நீட்டப்பட்டபோதினும் துப்பாக்கி நீட்டப்பட்டபோது பார்வை அப்பொருளிலேயே கூடுதலாகத் தரித்தது. முகத்துக்கு எஞ்சிய கவனம் சிறிதே. 2004இல் வெளியான ஆய்வொன்று, சிறைப்பட்டோராக நடத்தப்பட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரைப் பற்றியது. கடுமையாக விசாரித்தவரை நேருக்குநேர் கண்டிருந்தும், மென்மையாக விசாரித்தவரிலும் குறைவாகவே அவர்கள் அடையாளங் கண்டனர்.

நீதிமன்றங்களின் பாதை வேறு. இங்கிலாந்தில் அடொல்வ் பெக் என்பார் 1896இலும் 1904இலும் பெண்கள் பலரின் அடையாளச் சாட்சியத்தால் தண்டனைத் தீர்ப்புக்குள்ளானார். உண்மையில் ஏமாற்றியவன் வேறொருவன். அப்பெண்கள் அஞ்சி நடுங்கியோருமல்லர். ஏமாற்றியவனோடு அமர்ந்து உரையாடியோர். இவ்வநீதி 1907இற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தோன்றத் துணைநின்றது. 1976இல் டெவ்லின் குழு அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் ரேண்புல் வழக்கில், உறுதியாகப் பேசும் சாட்சியும் தவறலாமென யூரரை எச்சரிக்குமாறு நீதிபதிகள் பணிக்கப்பட்டனர். தூரம், வெளிச்சம், பார்த்த நேரம் ஆகியவற்றை ஆராயவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரை நினைவிற்கொள்ளத் தனிக்காரணம் இருந்ததா என்றும் வினவவேண்டும். சாட்சி அஞ்சியிருந்தாரா, அவர் கண் எதன்மீது நின்றது என்ற வினாக்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.