காட்டுக்கு எத்தனை கிராம்?

2007 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா ஒரு சக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோலோடு கலக்கிற சோள எதனோல் 2015 ஆகும்போது ஆண்டுக்கு 1500 கோடி கலன் வரை ஏறலாம் எண்டு கணக்கு. சோளம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் எரியும்போது திருப்பிக் குடுக்குது, ஆகவே சூழலுக்கு நல்லது எண்டதுதான் வாதம்.

இரண்டு மாதத்தில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த கட்டுரை அதைக் குழப்பிவிட்டது. எழுதியது திமதி சேர்ச்சிங்கரும் சகாக்களும். சேர்ச்சிங்கர் அடிப்படையில் ஒரு சட்டத்தரணி. கேள்வி சின்னது: சோளம் கார்த் தாங்கிக்குள்ள போனால் அதைத் தின்ற மாடும் கோழியும் எதைத் தின்னும்? விலை ஏறும். விலை ஏறினால் வேறெங்கேயோ ஒருவர் காட்டை வெட்டி உழுவார். உலக விவசாயச் சந்தை மொடல் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். 1.08 கோடி ஹெக்டேயர் புதிதாக உழப்படும் எண்டு வந்தது. அந்தக் கரிக்கடனை எதனோல் அடைக்க 167 ஆண்டு. நிலமாற்றம் மட்டும் ஒரு மெகாஜூலுக்கு 104 கிராம். பெற்றோலின் முழுக்கணக்கே 92 தான்!

பேர்டூ பல்கலைக்கழகத்தில் வேறொரு மொடல் இருந்தது. பெயர் ஜீடாப். தோமஸ் ஹேர்ட்டல் 1992இல் தொடங்கினார், வர்த்தக வரியைக் குறைத்தால் எந்த நாட்டுக்கு என்ன நடக்கும் எண்டு பார்க்க. காடு அதன் கவலையே இல்லை. பேந்துதான் நிலத்தை 18 வலயமாகப் பிரித்து, பயிர், மேய்ச்சல், காடு மூன்றையும் போட்டிக்கு விட்டார்கள். எது கூடக் குத்தகை தருதோ நிலம் அந்தப் பக்கம் சாயும். குத்தகையே தராத, யாரும் போய்ச்சேராத காடு கணக்குக்கு வெளியில்.

2010இல் ஹேர்ட்டல் குழுவின் விடை 27 கிராம். நாலில் ஒன்று! ஏன்? விலை ஏறினால் விளைச்சலும் கூடும் எண்டு இந்த மொடல் எடுத்துக்கொள்ளுது. அது நியாயம்தான். ஆனால் விலை ஏறினால் சனம் குறைவாகவும் சாப்பிடும். சாப்பிடாத சாப்பாட்டுக்கு வயல் வேண்டாம், வயல் வேண்டாமெண்டால் காடு தப்பும். ஆக, யாரோ ஒருவரின் அரைவயிறு எதனோலின் வரவுப் பக்கத்தில் ஏறுது. அப்பிடி நடக்கும் எண்டு மொடல் சொல்லுறது பிழையில்லை. அதைச் சேமிப்பு எண்டு எழுதுறதுதான் எனக்குச் செமிக்கேல்லை.

இது வெறும் பேராசிரியர் சண்டையுமில்லை. 2009இல் கலிபோர்னியா ஜீடாப்பை வைத்து 30 கிராமை எரிபொருள் விதிக்குள் எழுதியது. 2015இல் அதே விதியில் அது 19.8 ஆனது. சேர்ச்சிங்கர் சாப்பாட்டுக் கேள்வியை ‘சயன்ஸில்’ நேரடியாகவே கேட்டதும் அதே ஆண்டுதான்.