கறுப்பா, கரும்பச்சையா?



மாணவன் ஒருவனிடம் நான் செய்த பிழையையும், அதன் பொருட்டு ஒரு சிறு இரயில் இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிச் சென்றதையும் இங்குப் பதிவு செய்ய விழைகிறேன்.

பள்ளி விடுமுறை முடிந்து வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன், தன் மாமா வாங்கித் தந்த மாதிரி இரயில் இயந்திரத்தை வகுப்பிற்குக் கொண்டு வந்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா இரயில்வே பயன்படுத்திய எஸ்.டபிள்யூ.1 வகை டீசல் இயந்திரம் அது. உண்மை உருவில் 87இல் ஒரு பங்கு. வண்ணமின்றி வந்த அதற்கு அவனே கரும்பச்சை பூசியிருந்தான். நான் பழைய நூலொன்றின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, "இது கறுப்பு தம்பி, மாற்றிப் பூசு" என்றேன். "சரிங்க ஐயா" என்றவன், மறுநாளே கறுப்பாக்கி வந்தான். ஆனால், முதல் நாள் அவன் முகத்தில் இருந்த மலர்ச்சியைக் காணோம். அதுவே என்னைத் தேட வைத்தது.

இரயில் முற்றங்களில் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் தருகின்ற 'ஷண்டிங்' இயந்திரம் இது. நெடுந்தூரம் ஓடாது, பயணிகளின் கண்ணில் அதிகம் படாது. ஆயினும், அமெரிக்க இரயில்களில் டீசல் வேரூன்றியது இவற்றின் வழியாகத்தான். நியூயார்க் நகரில் நீராவி இயந்திரங்களுக்குத் தடை விதிக்கும் காஃப்மன் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. 1925இல் நியூஜெர்சி சென்ட்ரல் இரயில்வே, 1000 என்ற எண் கொண்ட 300 குதிரைத்திறன் டீசல் இயந்திரத்தைப் பிராங்ஸ் சரக்கு முற்றத்தில் பணியில் இறக்கியது. 1957 வரை உழைத்த அது, பால்டிமோர் இரயில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மாணவன் கொண்டு வந்த எஸ்.டபிள்யூ.1, 1938இன் இறுதி முதல் 1953 வரை தயாரிக்கப்பட்டது. 600 குதிரைத்திறன் கொண்டது. அதன் உடன்பிறப்பான என்.டபிள்யூ.2 1000 குதிரைத்திறன் உடையது. முன்னதற்கு ஒரு புகைபோக்கி, பின்னதற்கு இரண்டு. என் நூலை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். படத்தில் இரண்டு புகைபோக்கிகள்! வேறு வகை இயந்திரத்தின் படத்தைக் காட்டியன்றோ அவனைத் திருத்தியிருக்கிறேன்!

நிறத்திலும் அவனே சரி. பென்சில்வேனியா இரயில்வே தன் இயந்திரங்களுக்குப் பூசியது, கறுப்போடு சிறிது பச்சை கலந்த ஓர் எனாமல். இரயில் ஆர்வலர்கள் இதைப் 'பிரன்சுவிக் பச்சை' என்பர். நிழலில் கறுப்பாகவே தோன்றும். வெயிலில், உண்மைக் கறுப்பின் அருகே வைத்தால்தான் பச்சை புலப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சிறு பச்சை எப்படித் தெரியும்? நம் பாட்டியின் திருமணப் படத்தில் சிவப்புக் கூறைச்சேலை கறுப்பாகத் தெரிகிறது. அதனால் பாட்டி கறுப்புச் சேலையில் மணவறை ஏறினார் என்று எவரேனும் சொல்வோமா?

மாதிரி இரயில் அமைப்போர் ஒரு படத்தை மட்டும் நம்புவதில்லை. இரயில்வேயின் வண்ணக் குறிப்புகள், வரலாற்றுச் சங்கங்கள் வெளியிடும் வண்ண அட்டைகள், பழைய வண்ணப் படச்சில்லுகள், பழைய இயந்திரத்தில் மேற்பூச்சின் அடியில் எஞ்சியுள்ள வண்ண அடுக்குகள் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். வெயிலில் வெளிறியதையும் கரி படிந்ததையும் கணக்கில் கொள்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, "எந்த ஆண்டு?" என்று கேட்கின்றனர். 1968இல் பென்சில்வேனியா இரயில்வேயும் நியூயார்க் சென்ட்ரலும் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. அந்நிறுவனம் தன் இயந்திரங்களுக்குக் கறுப்பே பூசியது. ஆகவே, அதே இயந்திரம் 1950இல் கரும்பச்சையாகவும், பின்னர்க் கறுப்பாகவும் இருந்திருக்கக்கூடும். ஆண்டைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்வது அரைகுறை விடையே.

மறுவாரம் வகுப்பின் முன்னிலையிலேயே அம்மாணவனிடம், "நீ சொன்னதே சரி, பிழை என்னுடையது" என்றேன். அவன் சற்று நேரம் யோசித்து, "அப்படின்னா புத்தகம் பொய்யா ஐயா?" என்று கேட்டான். "புத்தகம் பொய் சொல்லவில்லை, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை" என்றேன். இப்பொழுது அந்த இயந்திரம் மீண்டும் கரும்பச்சையாகி, அடியில் '1950' என்ற எண்ணோடு அவன் மேசையில் நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருப்பின், பிள்ளையைப் பாட்டியின் அருகே அமர்த்தி, அந்தச் சேலையின் நிறம் என்ன, எடுத்த ஆண்டு எது என்று கேட்கச் சொல்லுங்கள். விடையைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு மாணவன் நம்மிலிருந்து மாறுபட்டால், "மாற்று" என்பதற்கு முன், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்போமே.