பின்வரிசையில் நிற்பவர்: பேஸ் கிட்டாரின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். நாம் எல்லோரும் ஆயிரம் முறை கேட்டிருந்தும் கவனிக்காத ஒரு வாத்தியத்தைப் பற்றியது: பேஸ் கிட்டார்.

திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாடகர்கள் முன்னால் நிற்பார்கள். பின்னால் டிரம்ஸுக்குப் பக்கத்தில், நீண்ட கழுத்துள்ள கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் அதிகம் அசையாமல் நிற்பார். அந்தக் கிட்டாரில் நான்கே தந்திகள். குழுவினரை அறிமுகப்படுத்தும்போது அவர் பெயர் கடைசியில் வரும். சில நாள் வராமலும் போகும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் நிலைதான் அவருக்கும். ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும், பேஸ் பாட்டோடு சேர்ந்து நடக்கும் என்பது ஒரு வித்தியாசம். இரண்டுமே நின்றுபோனால்தான் இருந்தது தெரியும்.

முதலில் கொஞ்சம் அறிவியல். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அதுதான் பேஸ். அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ரேடியோவின் ஒலிபெருக்கியால் சரியாக வெளியிட முடியாது. இன்றைய கைப்பேசியாலும் முடியாது. மேல் அதிர்வுகள் மட்டும் காதுக்கு வரும். அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பல வருடம் ரேடியோவில் கேட்ட பாட்டை முதல்முறை நல்ல ஹெட்போனில் கேட்டவர்கள், "இந்தப் பாட்டில் இப்படி ஒன்று ஓடுகிறதா!" என்று வியப்பது இதனால்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த வாத்தியத்துக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன் மேற்கத்திய இசைக்குழுக்களில் இந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு. டிரம்ஸும் மின்சாரக் கிட்டாரும் சத்தமாக ஒலிக்கத் தொடங்கிய பிறகு, அத்தனை பெரிய வாத்தியத்தின் குரல் மேடையில் எடுபடவில்லை.

1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் கிட்டார்போல ஏந்தி வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் செய்த 'பிரிசிஷன் பேஸ்'தான் பரவியது. ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்! ஆனால் வாசிப்பவர்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டவர். டபுள் பேஸின் கழுத்தில் விரல் வைக்க அடையாளம் ஏதும் கிடையாது. ஃபெண்டரோ வீணையின் மெட்டுகளைப்போல உலோகக் கட்டைகளைப் பதித்தார். விரலைச் சரியான கட்டத்தில் வைத்தால் சுரம் துல்லியமாக வரும். 'பிரிசிஷன்' என்றால் துல்லியம். பெயர்க் காரணம் அதுதான். நாம் எந்த நகலையும் 'ஜெராக்ஸ்' என்பதுபோல, பல ஆண்டுகள் எந்த மின்சார பேஸையும் 'ஃபெண்டர் பேஸ்' என்றே சொன்னார்கள்.

பிழைப்புக்காக அல்லாமல், ஆசைக்காக பேஸ் வாசிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இதை முதலில் விரும்பி எடுத்தவர்கள் அல்ல. நண்பர்கள் சேர்ந்து குழு தொடங்குவார்கள். எல்லோருக்கும் கிட்டார் வேண்டும். ஒருவன் விட்டுக்கொடுத்து பேஸை எடுப்பான். பீட்டில்ஸ் குழுவிலேயே இப்படித்தான் நடந்தது. 1961இல் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகியதும், அந்த இடத்துக்கு பால் மெக்கார்ட்னி வந்தார். வேண்டாவெறுப்பாக எடுத்துப் பிறகு அதையே விடமுடியாமல் போனவர்கள் ஏராளம்.

இவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் பழைய கருவிகளைப் பற்றியே இருக்கும். 1965 ஜனவரியில் ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்டவற்றை 'ப்ரீ-சிபிஎஸ்' என்று தனியாகப் பிரித்து, பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கழுத்தைக் கழற்றி, உள்ளே எழுதியுள்ள தேதியைப் பார்ப்பது இவர்களுக்குப் பழைய ஓலைச்சுவடி கிடைத்ததுபோன்ற மகிழ்ச்சி. தந்தியை எப்போது மாற்றுவது, வழவழப்பான தந்தி நல்லதா சொரசொரப்பானதா என்ற பட்டிமன்றத்துக்கு முடிவே இல்லை. பழசின் மோகம் எவ்வளவு என்றால், 1990களில் ஃபெண்டர் நிறுவனமே புதுக் கிட்டாரைக் கீறி, வண்ணத்தைத் தேய்த்து, ஐம்பது வருடம் உழைத்ததுபோல ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. புதுப் பித்தளைக் குடத்தை நசுக்கி, பாட்டி வீட்டுக் குடம் என்று விற்பதுபோல!

சிரிப்பாக இருந்தாலும், இந்தப் பழசின் மேலுள்ள ஏக்கம் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

டெட்ராய்ட் நகரில் 'மோட்டவுன்' என்று ஒரு இசைத்தட்டு நிறுவனம். 1960களில் உலகமெங்கும் கேட்ட நூற்றுக்கணக்கான பாடல்கள் அதன் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை. பாடியவர்களில் பலர் பெரும் புகழ் பெற்றார்கள். பின்னணியில் வாசித்தவர்களின் பெயர் உறைகளில் அச்சாகவில்லை. அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தெற்கு கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டுவார். சக கலைஞர்கள் அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டின் ஒரு சாதாரண பிரிசிஷன் பேஸ். அறுந்தால் ஒழியத் தந்தியை மாற்றமாட்டார். அதுவரை பேஸ் என்றால் ஒன்றிரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டுவது என்றிருந்தது. அவர் அதைப் பாட வைத்தார். பாடகர் ஒரு மெட்டில் போக, கீழே பேஸ் இன்னொரு மெட்டில் பதில் சொல்லிக்கொண்டே போகும்.

மோட்டவுன் உறையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 1971இல், மார்வின் கே வெளியிட்ட ஒரு தொகுப்பில். அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சனும் அங்கே போனார். ஆனால் வாய்ப்புகள் குறைந்துகொண்டே வந்தன. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பெரிதாக நடந்தது. அந்தப் பாடல்களில் பேஸ் வாசித்தவர் பார்வையாளர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, 47ஆம் வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய அந்த பேஸும் திருடுபோயிருந்தது.

அப்போது அவர் பெயர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பேஸ் வாசிப்பவர்கள் மட்டுமே. பழைய இசைத்தட்டை மெதுவாகச் சுழலவிட்டு, ஊசியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்து, அவருடைய விரல் போன வழியைக் கண்டுபிடிக்க முயன்றவர்கள். ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிட்டார் கலைஞர் டெட்ராய்ட் போய் குடும்பத்தையும் சக கலைஞர்களையும் சந்தித்து, ஜேமர்சனின் வாழ்க்கையை எழுதி, அவர் வாசித்ததைச் சுரம் சுரமாகக் குறித்து 1989இல் புத்தகமாக வெளியிட்டார். 2002இல் அது ஆவணப்படமும் ஆனது. இடையில் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் முதன்முறையாகப் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே ஜேமர்சன் பெயர் இருந்தது. அவர் போய் 17 வருடம் கழித்து.

பழங்கருவி தேடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஜேமர்சன் வாசித்த காலத்தில் அந்த 1962 பேஸ் பழங்காலப் பொருள் அல்ல. கடையில் வாங்கிய புதுச் சரக்கு. நாதம் மரத்தில் மட்டும் இல்லை, விரலில் இருந்தது. அவர் பேஸ் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் விரல் போன வழி நோட்டில் எழுதப்பட்டுவிட்டது. ஆர்வம் உள்ள எந்தப் பிள்ளையும் இன்று அதை எடுத்து வாசிக்கலாம்.

திருடுபோன பேஸ் ஒன்று திரும்பிவந்த கதையும் உண்டு. மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய, வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவுபோனது. 2018இல் சில ஆர்வலர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அது கிடைத்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் லண்டன் மேடையில் 82 வயது மெக்கார்ட்னி அதைத் திரும்ப வாசித்தார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். கரோல் கே என்ற பெண்மணி லாஸ் ஏஞ்சல்ஸில் கிட்டார் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1963இல் ஒருநாள் ஒலிப்பதிவுக்கு பேஸ் கலைஞர் வரவில்லை. இவர் எடுத்து வாசித்தார். அதன்பிறகு ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள். மற்றவர்கள் கற்றுக்கொள்ளப் பாடப்புத்தகங்களும் எழுதினார். 2025இல் அதே புகழ்க்கூடம் இவருக்கு இடம் தருவதாக அறிவித்தபோது, தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது வயது 90. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் ஒரு குழுவாகச் செய்த வேலை அது. ஒருவரைத் தனியாகத் தூக்கிவைப்பது சரியில்லை என்பது அவர் கருத்து. யோசித்துப் பார்த்தால் ஜேமர்சனின் குறையும் இவருடைய மறுப்பும் ஒரே நியாயத்தைத்தான் கேட்கின்றன. மாலை போடுவது அப்புறம் இருக்கட்டும். வேலை செய்தவர்கள் எல்லோருடைய பெயரும் பதிவாக வேண்டும்.

நம் பக்கமும் பார்ப்போம். இளையராஜா பாடல்களில் பேஸ் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று இன்று இளைஞர்கள் யூடியூபில் வாசித்துக் காட்டுகிறார்கள். அவரிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். கேசட் வாங்கிய காலத்தில் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? உறையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர் இருக்கும். அதோடு சரி. பிற்காலத்தில் ரஹ்மானின் குறுந்தகட்டு உறைகளில் வாசித்தவர்கள் பெயரும் வரத் தொடங்கியது நல்ல மாற்றம்.

சினிமாவில் வாசித்தவர்கள் பெயராவது எங்கோ ஓரிடத்தில் இருக்கும். கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் விடிய விடிய வாசித்த மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. பகலில் வேறு வேலை, ராத்திரி மேடை. அவர்களில் பலருக்கு இப்போது என் வயது. கிட்டார் பரணில் தூங்கும். இவர்களைப் பற்றிப் புத்தகம் எழுத ஒரு ஸ்லட்ஸ்கி வரப்போவதில்லை.

ஆகவே ஒரு சின்ன வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்கள் உறவில் பேஸ் வாசித்தவர் யாராவது இருந்தால் அவரிடமே போய்க் கேளுங்கள்: எந்தக் குழு, எந்த வருடங்கள், முதல் கிட்டார் எப்படி வந்தது, யாரிடம் கற்றார். அவர் சம்மதித்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.