சொன்ன பேச்சு கேட்காத உலை

குளிர்நாடுகளில் இருந்து நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிறவர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சங்கடம் ஒன்று. சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைக்கிறோம். கீழ்த்தளத்து ஃபர்னஸ் அசையவே மாட்டேங்குது.

விவரம் தெரிந்த மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே உலையைப் பிரிக்க மாட்டார். தெர்மோஸ்டாட் பேட்டரி, உலைக்குப் போகிற மின் சுவிட்ச், சரியாக மூடாத உலைக்கதவு, தூசி அடைத்த ஃபில்டர் என்று வெளியில் இருந்துதான் ஆரம்பிப்பார். 24 வோல்ட் சாதனமாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஆர், டபிள்யூ என்று குறித்த இரண்டு கம்பிகளையும் சேர்த்து, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். உலை பற்றிக்கொண்டால் அதன்மேல் குற்றம் இல்லை, கோளாறு தெர்மோஸ்டாட்டில்தான். பற்றவில்லை என்றால் கம்பியையோ உலையையோ பார்க்கவேண்டும். ஆணை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியோடு நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். அங்கே வீட்டைச் சூடாக்க உலை எதற்கு என்று சிரிக்காதீங்க. நான் பேசப்போவது இரும்பு உலை.

ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி, சூட்டில் அது வளைவதை வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியது 1830இல். தெர்மோஸ்டாட் என்று பெயர் வைத்தவரும் அவரே. அதே 1830இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பாலையைத் தொடங்கினார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

ஹீத்துக்கு ரொம்ப முன்பே சேலம் மாவட்டத்திலும், அன்றைய தென்னார்க்காட்டின் கள்ளக்குறிச்சி தாலுகாவில் கல்வராயன் மலையடிவாரத்திலும் இரும்பு உருக்கினார்கள். அந்த நாட்டு உலையை ஹீத்தே எழுதிவைத்திருக்கிறார். உயரம் நாலைந்து அடி, பேரிக்காய் வடிவம், அடியில் இரண்டடி அகலம், மேலே ஓரடி. முழுக்கக் களிமண். இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள், மறுநாள் வேலைக்குத் தயார். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டை மாற்றி மாற்றி அமுக்கினால் காற்று விடாமல் போகும். மேலிருந்து கரியையும் தாதுவையும் போடுவார்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்து முன்பக்கத்து மண் அடைப்பை உடைத்து, இரும்புக் கட்டியை இடுக்கியால் இழுப்பார்கள்.

இதில் தெர்மோஸ்டாட் எங்கே? துருத்திக்காரரின் கையிலும் கண்ணிலும்தான். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். நாட்டு உலை அந்த அளவுக்குப் போகாது, போகவும் கூடாது. கசடு உருகி ஓடவேண்டும், இரும்பு இளகிக் கட்டியாகச் சேரவேண்டும், அவ்வளவுதான். சூடும் கரியும் மிஞ்சினால் இரும்பு கரியைக் குடித்து வார்ப்பிரும்பாகிவிடும். அதைச் சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும், கொல்லருக்கு உதவாது. காற்று குறைந்தாலோ கசடு பிரியாது. இந்த இடைவெளிக்குள் உலையை நிறுத்தியது தீயின் நிறத்தையும் துருத்தியின் சத்தத்தையும் படித்த அனுபவம். உருக்குச் செய்யும்போது நுணுக்கம் இன்னும் அதிகம். சின்ன மண் மூசைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, பிறகு களிமண் மூடி. இருபது, இருபத்துநாலு மூசைகளை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள் என்கிறார் ஹீத்.

இவ்வளவையும் மதித்து எழுதியவர் கட்டியது என்னவோ பெரிய ஊதுலை. நாட்டு உலை சின்னது, மலை அடிவாரத்திலேயே நின்றது. கரி தீர்ந்தால் வேறு இடத்தில் மண்ணைக் குழைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டை உலையோ கடற்கரையில் நின்றது. தாது ஏறக்குறைய நூறு மைல் தள்ளிச் சேலம் பக்கத்து மலைகளில். எரிபொருள் மரக்கரி. தரிசு நிலங்களில் மரம் வெட்டிக்கொள்ள அரசு அனுமதி கொடுத்திருந்தது. முன்பணமும் கொடுத்தது. 1833இல் அது கூட்டுக் கம்பெனியாக மாறியது, 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று இன்னொன்று வந்தது. திருவண்ணாமலையிலும் காவிரிக் கரையிலும்கூட உலைகள் எழும்பின. திருவண்ணாமலை உலை சில வருஷங்களிலேயே நின்றது. 1860களோடு பரங்கிப்பேட்டை ஆலையும் அணைந்துபோனது.

மெக்கானிக்கின் முறையில் இதைப் பார்ப்போம். தாது மோசமா? இல்லை, காந்த இரும்புத் தாது, உயர்ந்த ரகம். அந்த இரும்பை ஷெஃபீல்டில் நல்ல உருக்காக்கினார்கள். உலை மோசமா? எரிந்த காலத்தில் இரும்பு கொடுத்தது. நிர்வாகத்தில் குளறுபடியும் பணமுடையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறுந்த கம்பி காட்டில் இருந்தது என்பது என் கணிப்பு. இங்கிலாந்தில் 1709லேயே ஆபிரகாம் டார்பி மரக்கரியை விட்டு நிலக்கரிக் கோக்குக்கு மாறிவிட்டார். இங்கே ஒவ்வொரு வருஷமும் வெட்டுகிற காடு தள்ளித் தள்ளிப் போனது. கரி வண்டி நடக்கிற தூரம் கூடக் கூட இரும்பின் விலையும் ஏறும். எவ்வளவு ஊதச் சொன்னாலும் கரி வராத உலை எப்படிக் கேட்கும்? அதே தென்னார்க்காட்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி புதைந்து கிடந்ததே என்பீர்கள். அது கோக் ஆகாது, தெரிந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

ஹீத் இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு அதனால் கொழித்தது. அவருக்கு மிஞ்சியது வழக்குகள். 1851இல் இறந்துபோனார்.

மலையடிவாரத்து உலைக்காரர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவர்களுடைய உலையில் கோளாறு எதுவும் இல்லை. கப்பலில் மலிவான சீமை இரும்பு வந்து இறங்கியது. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லை போட்ட இடத்தில், அனுமதி இல்லாமல் கரி சுடுவது குற்றம். நூறு மைலுக்கு அப்பால் இருந்த உலைகளுக்காக மரம் வெட்ட அனுமதி எழுதிக்கொடுத்த அதே அரசாங்கம்தான் இதையும் எழுதியது. துருத்திக்காரரின் கை அப்போதும் தயாராகத்தான் இருந்திருக்கும்.